பாடு எப்படி என்று கேட்ட பிள்ளை

காலையில் கல்லில் தோசை மாவை ஊற்றிவிட்டுத் திரும்புகிறேன், போன் அடிக்கிறது. கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து சின்னத்துரை அண்ணன்.

“மேடம், பிள்ளைய வந்து கூட்டிட்டுப் போயிருங்க.”

“என்னண்ணே ஆச்சு? ஒடம்புக்கு முடியலையா?”

“ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பேச ஆரம்பிச்சிருச்சு.”

கரண்டியை அப்படியே மேடையில் போட்டுவிட்டேன். மாதக்கணக்கில் வாயே திறக்காத பிள்ளை அது. “பேசிருச்சா? நெசமாவா?” என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

“பேசுச்சு. பேசுனதுதான் பிரச்சினையே. இனிமே அது இங்க இருக்க வேணாம்.”

போனை வைத்துவிட்டார். தோசை கருகிய வாடை வீடு முழுக்கப் பரவியிருந்தது.

பிள்ளை பேச மாட்டேன் என்கிறது, சாப்பிட மாட்டேன் என்கிறது, ராத்திரி தூங்க மாட்டேன் என்கிறது என்று எத்தனையோ குடும்பங்கள் எனக்குப் போன் செய்திருக்கின்றன. பேசிவிட்டது என்று புகார் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

அசோக்கும் சின்னத்துரையும்

இந்தத் தொடரில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். பிள்ளைக்கு நிலா என்று நானே வைத்துக்கொண்டேன். அண்ணனிடம் மட்டும், என்ன பெயர் வைக்கட்டும் என்று வாய் தவறிக் கேட்டுத் தொலைத்தேன்.

“எங்கப்பன் வச்ச பேரு எனக்கே பிடிக்காது மேடம். மாத்துறதுதான் மாத்துறீங்க, அசோக்குன்னு வைங்க” என்றார். வயது அறுபதை நெருங்குகிறது.

அவர் மனைவி பஞ்சவர்ணம் அக்கா உள்ளேயிருந்து, “அசோக்கு! கோவணம் கட்டுன அசோக்கு!” என்று சிரித்துச் சிரித்து இருமவே ஆரம்பித்துவிட்டார்.

எனக்கும் கை வரவில்லை. சின்னத்துரை என்று எழுதிவிட்டேன். அண்ணன் படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அவர் கோபத்தைப் பார்க்காதவளா நான்.

பிரசவத்துக்குப் போன மாதிரி

எங்கள் வேலை என்னவென்று ஊரில் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பெற்ற வீட்டில் கொஞ்ச காலம் இருக்க முடியாமல் போன பிள்ளைகளை, அதிலும் மனதில் பலமாக அடிபட்ட பிள்ளைகளை, ஒரு குடும்பத்தில் விடுகிறோம். அந்தக் குடும்பத்துக்கு முதலில் பயிற்சி கொடுப்போம். அப்புறம் வாராவாரம் போய்ப் பார்ப்போம். வீட்டின் சாப்பாடும் தூக்கமும் பேச்சுமே அந்தப் பிள்ளைக்கு மருந்து. சொந்த வீடு தேறியதும் பிள்ளை திரும்பிப் போய்விடும்.

“தத்துங்களா?” என்பார்கள். இல்லை என்போம். “அப்ப ஹாஸ்டலு.” அதுவும் இல்லை. “அப்ப என்னதாங்க அது?” என்று டீக்கடை மொத்தமும் நம்மைச் சந்தேகமாகப் பார்க்கும்.

இதற்கு நல்ல பதில் கண்டுபிடித்தவர் பஞ்சவர்ணம் அக்காதான். நாங்கள் அச்சடித்து வைத்திருந்த விளக்கத்தை ஒரு பயிற்சிக் கூட்டத்தில் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இம்புட்டுத்தானா? பொண்ணு பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வர்ற மாதிரி. நல்லா ஆக்கிப் போட்டு, ஒடம்பத் தேத்தி, புருசன் வீட்டுக்கு அனுப்பி விடுறமுல்ல, அதானே?” என்றார்.

அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் அதைத்தான் சொல்கிறேன். அச்சடித்த காகிதங்கள் அலமாரியில் தூங்குகின்றன.

மோட்டார் போடப் போறேன்த்தா

நிலா ஜெகதாப்பட்டினத்துப் பிள்ளை. எட்டு வயது. அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஒரு தடவை படகு சொன்ன நேரத்துக்கு வரவில்லை. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போயிருக்கும் என்று கரையில் பேசிக்கொண்டார்கள். கைதானவர்கள் என்றைக்காவது ஒருநாள் திரும்பிவிடுவார்கள். அதனால், அப்பாவைப் பிடித்துத்தான் போயிருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை சாமி கும்பிட்டதாம்.

படகு கவிழ்ந்திருந்தது. கூடப் போனவர்கள் கரை சேர்ந்தார்கள். அவர் சேரவில்லை.

அம்மாவுக்கு மனம் உடைந்து, மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. பிள்ளை பேச்சை நிறுத்திக்கொண்டாள். உறவுக்காரர் வீட்டில் இருந்து பார்த்தாள், ஒரு விடுதியில் இருந்து பார்த்தாள். எங்கேயும் ஒட்டவில்லை. எஞ்சின் சத்தம் கேட்டால் போதும், கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கிக்கொள்வாள். கடற்கரை ஊரில் எஞ்சின் சத்தம் கேட்காத இடத்துக்கு எங்கே போவது? அதனால்தான் உள்ளே தள்ளி, கறம்பக்குடிப் பக்கம், சின்னத்துரை அண்ணன் வீட்டில் விட்டோம்.

அங்கேயும் ஒரு எஞ்சின் இருந்தது. கிணற்று மோட்டார். அதற்கு அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். சுவிட்ச் போடுவதற்கு முன்னால் வீட்டை ஒட்டிய கடலைக் கொல்லையிலிருந்து வாசல் வரைக்கும் நடந்து வந்து, “மோட்டார் போடப் போறேன்த்தா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார். நிறுத்தும்போதும் ஒரு நடை. “நிறுத்திப்புட்டேன்த்தா.” கரண்ட் போய்ப் போய் வருகிற நாளில் அவர் நடந்த நடைக்குக் கணக்கே கிடையாது.

இதை நாங்கள் எந்தப் பயிற்சியிலும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட மனுஷர்தான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார். இன்னொரு தடவை இடம் மாறினால் நிலா திரும்ப வாயைத் திறப்பாளா என்று எனக்கே தெரியாது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஒரே மாவட்டம்தான், ஆனாலும்

போகிற வழியில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் திருமயத்துப் பக்கம், வியாபாரக் குடும்பம். எங்கள் வீட்டில் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஒரு தடவை மணமேல்குடியில், ஒரு பிள்ளையைப் பார்க்கப் போன இடத்தில், என் அக்காவிடமிருந்து போன் வந்தது. “சொல்லுங்க ஆச்சி, சாப்பாட்டுக்கு வந்துர்றேன் ஆச்சி” என்று பேசி முடித்தேன்.

அந்தப் பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஒங்களுக்கே தல நரச்சிருச்சு. ஒங்க பாட்டி இன்னும் இருக்காகளா?” என்றது.

அன்றைக்குச் சாயங்காலமே தலைக்குச் சாயம் வாங்கினேன் என்பது இந்த அத்தியாயத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

சொல்ல வந்தது இதுதான். கடலோரத்துப் பிள்ளையை வயக்காட்டில் விடுகிறோம், வயக்காட்டுப் பிள்ளையைக் கடை வைத்திருக்கிறவர் வீட்டில் விடுகிறோம். சாப்பாடு மாறும் என்று எல்லோருக்கும் தெரியும். மீன் இல்லாமல் சோறு இறங்காதே என்று முன்கூட்டியே யோசித்து வைப்போம். ஒரே தமிழ்தானே என்று பேச்சை மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

பங்காளி சொல்லிக்கொடுத்த பேச்சு

நான் போய் இறங்கியபோது நிலா கட்டிலுக்கடியில் இருந்தாள். பஞ்சவர்ணம் அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாத மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டே கதை சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் வாசலில், துண்டை உதறித் தோளில் போடுவதும் மறுபடி எடுத்து உதறுவதுமாக நின்றார்.

எனக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். “அய்யா அவர்கள் என்ன நடந்ததுன்னு தெளிவாச் சொல்லணும்” என்றேன்.

“என்ன நடந்துச்சா? முந்தா நாளு கொல்லையில பொழுதன்னைக்கும் மயிலு வெரட்டிட்டு வாரேன். கடலையப் பூராம் கிண்டி வச்சிருக்கு. காலு ரெண்டும் விட்டுப் போச்சு. வாசல்ல கால வச்சா, இந்தப் பிள்ள எதுக்க வந்து நின்னு, ‘பாடு எப்புடி?’ங்குது.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன அப்புறம்? பேசாத பிள்ள பேசிருச்சேன்னு நானும் பொறுத்துக்கிட்டேன். நேத்தும் அதே மாதிரி நிக்கிது. ‘பாடு எப்புடி?’ எம்பாடு நாய் படாத பாடு! அது இந்தப் பிள்ளைக்குக் கேலியா இருக்கா?”

“சின்னப் பிள்ளைண்ணே. கேலி பண்ணத் தெரியுமா அதுக்கு?”

“அதுக்குத் தெரியாது. சொல்லிக் குடுத்தவனுக்குத் தெரியும்.”

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பக்கத்துக் கொல்லை அவருடைய பங்காளியுடையது. வரப்புத் தகராறு, பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் மயில் இறங்குகிற நாளில் மட்டும் பங்காளிக்குப் பேச்சு வந்துவிடும். வரப்பில் நின்றுகொண்டு, இவர் காதில் விழுகிற மாதிரி, “என்னப்பா, ஒம்பாடு எப்புடி?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாராம். அதே வார்த்தை. பிள்ளை வேலியோரம் விளையாடும்போது அந்த ஆள்தான் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டார் என்று அண்ணன் முடிவே கட்டிவிட்டார்.

“வாய மூடுன்னேன். அம்புட்டுத்தான். ஓடிப் போயி அதுக்குள்ள பூந்துக்கிச்சு” என்று கட்டிலைக் காட்டினார். குரல் இறங்கிவிட்டது. “என் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு அவன் பேச்சப் பேசுனா எனக்குத் தாங்கல மேடம்.”

எனக்கு அவர் மேல் கோபம்தான். ஆனால் பாடு என்றால் எனக்குத் தெரிந்த அர்த்தமும் கஷ்டம்தானே?

மும்தாஜ் சிரித்தாள்

மும்தாஜ் எங்களோடு வேலை பார்ப்பவள். கடலோர ஊர்கள் அவள் பொறுப்பு. பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். அவளுக்குப் போன் போட்டு, நிலா இப்படிக் கேட்கிறாள், யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்களாம், ஊரில் இருக்கும்போது யாராவது இப்படிப் பேசிக் கேட்டிருக்கிறாயா என்றேன்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. நிறுத்துகிற வழியாக இல்லை. எனக்கு மறுபடியும் மரியாதை கூட ஆரம்பித்தது.

“கோவிச்சுக்காதீங்கக்கா. எங்க தெருவுல ஆம்பள கரை ஏறுனா மொதக் கேள்வியே அதுதான். வலையில பட்டது பாடு. பாடு எப்புடின்னா, இன்னைக்கு மீனு எப்புடிப் பட்டுச்சுன்னு அர்த்தம்.”

போனை ஸ்பீக்கரில் போட்டு, அண்ணன் பக்கம் நீட்டினேன். “இன்னொரு தடவை சொல்லு.”

சொன்னாள். சொல்லிவிட்டுத் தானாகவே ஒன்றைச் சேர்த்தாள். “இன்னொண்ணுக்கா. அத எல்லாருகிட்டயும் கேட்டுர முடியாது. அடுத்த வீட்டு ஆளுகிட்டக் கேட்டா, கண்ணு வைக்கிறோம்னு நெனச்சுக்குவாக. நம்ம வீட்டு ஆளுகிட்டத்தான் கேக்கலாம். நான்லாம் எங்க வாப்பாகிட்டத் தவிர யாருகிட்டயும் கேட்டதே இல்ல.”

சின்னத்துரை அண்ணன் துண்டை உதறுவதை நிறுத்தியிருந்தார். மும்தாஜ் போனை வைத்த பிறகும் என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அது என்னைய வீட்டு ஆளா நெனச்சுத்தான் கேட்டுச்சா?”

“ஆமாண்ணே.”

“நான் வாய மூடுன்னுட்டேனே மேடம்.”

பஞ்சவர்ணம் அக்கா உள்ளேயிருந்தே, “இந்த மனுசன் வாயில சூடுதான் வைக்கணும்” என்றார். வெங்காயத்துக்கு வந்த கண்ணீரா மற்றதா என்று தெரியவில்லை, முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது, “சரிண்ணே, பிள்ளைய எப்பக் கூட்டிட்டுப் போகட்டும்?” என்று வேண்டுமென்றே கேட்டேன்.

“ஒங்க வேலையப் பாத்துட்டுப் போங்க மேடம்” என்றார் அசோக்.

கேட்காத கேள்விக்குப் பதில்

பிள்ளையை வற்புறுத்தக் கூடாது, பேசு பேசு என்று கெஞ்சக் கூடாது, காத்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். காத்திருப்பதில் அண்ணனுக்கு இருந்த திறமை எனக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பஞ்சவர்ணம் அக்கா போனில் நாள் தவறாமல் சொல்வார்.

முதல் நாள் சாயங்காலம் கொல்லையிலிருந்து வந்து வாசலில் நின்றாராம். நிலா வரவில்லை. மண்வெட்டியைச் சத்தமாகக் கீழே வைத்துப் பார்த்தாராம். வரவில்லை. காதில் விழவில்லையோ என்னவோ என்று மறுபடி கொல்லைக்குப் போய், மறுபடி வந்தாராம்.

“கிறுக்குப் பிடிச்சிருச்சு மேடம் இந்த மனுசனுக்கு. ஒரு பொழுதுக்கு எத்தன தடவ வீட்டுக்கு வருவாரு?”

கொஞ்ச நாள் போனதும் அவரே வேறு வழி பிடித்தார். யாரும் கேட்காமலேயே வாசலில் நின்று பாடு சொல்ல ஆரம்பித்தார். “இன்னைக்குப் பாடு பரவாயில்ல. மயிலு மூணுதான் வந்துச்சு. ஒண்ணுக்குக் காலு நொண்டி, அத வெரட்டல. பாவம், தின்னுட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன்.” ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி தினமும் ஒரு தடவை. சொல்லி முடித்துவிட்டுக் கால் கழுவப் போய்விடுவார்.

பங்காளிக்குக்கூட இதில் பங்கு கிடைத்தது. “இன்னைக்கு அவன் கொல்லையிலயும் மயிலு எறங்கிருச்சு” என்று அண்ணன் வாசித்த அன்றைக்குச் செய்தியில் சந்தோஷம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்ததாம்.

நிலா முதலில் கட்டிலுக்கடியிலிருந்து கேட்டாள். அப்புறம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். நொண்டி மயில் செய்திக்கு வாசற்படி வரைக்கும் வந்தாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு நாள் கேட்ட கேள்வி அத்தோடு போயிற்றோ என்று எனக்கு உள்ளூரப் பயம்தான். போனில் மட்டும், “வரும்க்கா, வரும்” என்று தைரியமாகச் சொல்வேன்.

கடலை பறித்து முடித்த அன்று

கடலை பறிக்கிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. வெயில் வந்த பிறகு ஒருநாள் சாயங்காலம் போயிருந்தேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பஞ்சவர்ணம் அக்கா கையில் டீ கொடுத்தார். நிலா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கொல்லைப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை தலையைக்கூடத் தூக்கவில்லை. எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

சத்தம் நின்றது. அண்ணன் வந்தார். வழக்கமாக வாசலுக்கு வெளியே நின்று செய்தி வாசிப்பாரே என்று நாங்கள் இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். ஒன்றும் வரவில்லை. நேராகக் குழாயடிக்குப் போய், கழுவிய காலையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். அப்புறம் வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். நான் வந்திருப்பதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

பஞ்சவர்ணம் அக்கா கண்ணாலேயே, ஒன்றும் கேட்காதீர்கள் என்றார்.

நிலா பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடினாள். எழுந்து போய் அவர் எதிரில் நின்றாள்.

“பாடு எப்புடி?”

அக்கா கையிலிருந்த டம்ளரைத் தரையில் வைத்தார். இந்த மாதிரி நேரத்தில் பிள்ளையை எல்லோரும் வேடிக்கை பார்க்கக் கூடாது என்பது பயிற்சியில் முதல் பாடம். நான் என் டீயைப் பார்த்தேன்.

அண்ணன் தலையை நிமிர்த்தினார். “சரியில்லத்தா. மழையில முக்காவாசி முளச்சுப் போச்சு. மிச்சத்த மயிலு தின்னுருச்சு. வெறுங்கையோடதான் வந்திருக்கேன்.”

நிலா அவரைப் பார்த்தாள். ஈரக் காலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

“அது கெடக்கட்டும். ஆளு வந்துட்டீங்கள்ல.”

வேலைக்குப் போன இடத்தில் அழக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். அழுதேன். சின்னத்துரை அண்ணன் துண்டை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, அதற்குள்ளிருந்தே பதில் சொன்னார்.

“வந்துட்டேன்த்தா. வந்துட்டேன்.”